அழுத்திய பட்டன் யார் காதில் விழவில்லை? – வாசகர் கேள்வி பதில்

நம்ம பக்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூருவிலோ இருக்கிற வீடுகளில் இப்போது ஒரு சின்ன டப்பாவைப் பார்க்கலாம். நெட் ரவுட்டரிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகும், மறுபக்கம் பழைய டெலிபோன் மாட்டியிருக்கும். இன்டர்நெட் போன் அடாப்டர் என்று பெயர். பேச்சு நன்றாகக் கேட்கிறது, பட்டன் அழுத்தினால்தான் தகராறு என்று வந்திருக்கும் கடிதங்களை எல்லாம் சேர்த்து இந்த முறை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். துபாயில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது அடாப்டரை வைத்து, என் பழைய போனை அதில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். பேசுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டுக்குக் கூப்பிட்டால் "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்" என்கிறது, அழுத்தினால் அதையே திரும்பச் சொல்கிறது, மூன்றாவது தடவை லைன் கட் ஆகிவிடுகிறது. செல்போனில் அதே நம்பருக்குப் போட்டால் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறது. டப்பா கெட்டுவிட்டதா? – வாசகி, காந்தி நகர், காட்பாடி

பதில்: கெடவில்லை அம்மா, புதுசு வாங்கச் சொல்லி மகனிடம் கேட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நம்பர் போட்டால் போகிறது, பேசவும் முடிகிறது, லைன் கிடைத்த பிறகு அழுத்தும் பட்டன் மட்டும் எடுபடவில்லை. இந்த வித்தியாசம்தான் முக்கியம். உங்கள் போன் பட்டனுக்கு இரண்டு காது தேவைப்படுகிறது. முதல் காது உங்கள் மேஜை மேல் இருக்கிற அடாப்டருடையது, இரண்டாவது காது ஆஸ்பத்திரியில் பதில் சொல்கிற கம்ப்யூட்டருடையது. எந்தக் காதில் விழவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை சுலபம். உங்கள் வீட்டில் முதல் காது நன்றாகவே கேட்கிறது. இல்லாவிட்டால் நம்பரே போயிருக்காது.

ஒவ்வொரு பட்டனிலிருந்தும் வருகிற பீப் சத்தம் ஒரே சுரம் மாதிரி கேட்டாலும், அது இரண்டு சுரம் சேர்ந்தது. 1-ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும், 5-க்கு 770-ம் 1336-ம். படுக்கை வரிசைக்கு ஒரு சுரம், நெட்டு வரிசைக்கு ஒரு சுரம், இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் இருப்பதுதான் அந்தப் பட்டன். மனிதக் குரலோ வெளிச் சத்தமோ தற்செயலாக அந்த ஜோடியை உண்டாக்கிவிடக் கூடாது என்றுதான் இரண்டாக வைத்தார்கள். அமெரிக்காவில் பெல் கம்பெனி 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் இதைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. ஸ்டாரும் ஹேஷும் 1968-ல்தான் சேர்ந்தன. அந்த ஏற்பாடு செம்புக் கம்பிக்காகச் செய்தது. கம்பியில் சத்தம் போட்டபடியே போய்ச் சேரும்.

நெட்டில் அப்படி இல்லை. நம்பர் போடும்போது அடாப்டர் அந்தப் பீப்பைக் காதால் கேட்டு, எண்ணாக மாற்றி, எழுத்துச் செய்தியாக அனுப்பிவிடுகிறது, சத்தம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. லைன் கிடைத்த பிறகுதான் சிக்கல். இப்போது உங்கள் குரலைச் சுருக்கி அனுப்புகிறார்கள். ஜி.711 என்ற முறை நொடிக்கு 64 கிலோபிட் எடுத்துக்கொள்ளும், அதில் பீப் கிட்டத்தட்ட அப்படியே போகும். ஜி.729 என்ற முறை வெறும் 8 கிலோபிட், எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு சுருக்குவதற்கு அது உங்கள் குரலையே அனுப்புவதில்லை. குரல் எப்படி இருந்தது என்று குறிப்பு மட்டும் அனுப்புகிறது, அந்தப் பக்கம் அதைப் பார்த்துக் குரலை மறுபடி உண்டாக்குகிறார்கள். நல்ல மிமிக்ரிக்காரர் யார் குரலையும் கொண்டு வருவார், ஆனால் ஒரே நேரத்தில் புல்லாங்குழலும் வயலினும் வாசிக்கிற மாதிரி செய்யச் சொன்னால் அவர் தொண்டை என்ன செய்யும்? அதே கதைதான். பேச்சு கணீரென்று கேட்கும், இரண்டு சுரம் சேர்ந்த பீப் மட்டும் உருமாறிப் போகும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அதை 1 என்று ஒத்துக்கொள்ளாது.

வழி என்னவென்றால், பீப்பைச் சத்தமாக அனுப்பாமல் "இப்போது 1 அழுத்தப்பட்டது" என்று சீட்டு எழுதி அனுப்பச் சொல்வது. அதற்கு ஆர்.எஃப்.சி 2833 என்று பெயர் (ஆர்.எஃப்.சி என்பது இன்டர்நெட் விதிமுறைத் தாள், 2833 அதன் வரிசை எண்), 2000-ம் ஆண்டு வந்தது. 2006-ல் அதையே திருத்தி 4733 என்று வெளியிட்டார்கள், ஆனாலும் எல்லோரும் இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சீட்டு போய்ச் சேர்கிற இடத்தில் புதிதாக, சுத்தமாக ஒரு பீப்பை உண்டாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள்.

சரி, செய்ய வேண்டியது. ரிசீவரை எடுத்து, லிங்க்சிஸ் வகை அடாப்டர் என்றால் ஸ்டார் பட்டனை 4 தடவை அழுத்துங்கள், கிராண்ட்ஸ்ட்ரீம் என்றால் 3 தடவை. ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசும். முதல் வகைக்கு 110 அழுத்தி ஹேஷ், இரண்டாவது வகைக்கு 02. அடாப்டரின் ஐ.பி. எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே வைஃபையில் இருக்கிற கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பிரவுசரைத் திறந்து அந்த எண்ணை அடித்தால் செட்டிங் பக்கம் வரும். பாஸ்வேர்ட் மகனிடம் இருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன்னால் பக்கத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

லிங்க்சிஸில் லைன் 1 பக்கத்தில் "டி.டி.எம்.எஃப் டி.எக்ஸ் மெத்தட்" என்று இருக்கும் (டி.டி.எம்.எஃப் என்பது அந்த இரட்டைச் சுர பீப்பின் பெயர்), அதை "ஏ.வி.டி" என்று வையுங்கள், ஆர்.எஃப்.சி 2833-ஐத்தான் அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். கிராண்ட்ஸ்ட்ரீமில் மூன்று முறைகளை வரிசைப்படுத்தச் சொல்லும், முதலிடத்தில் ஆர்.எஃப்.சி 2833 இருக்கட்டும். சேமித்ததும் டப்பா ஒருமுறை அணைந்து எரியும், ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் எடுபடவில்லையென்றால் உங்கள் இன்டர்நெட் போன் சர்வீஸ் அந்தச் சீட்டை ஏற்றுக்கொள்ளாமல் இருக்கலாம். அப்போது முறையை "இன்பேண்ட்" ஆக்கி, அதாவது பீப்பைச் சத்தமாகவே அனுப்பச் சொல்லி, கோடெக்கை, அதாவது குரலைச் சுருக்குகிற முறையை, ஜி.711 ஆக்குங்கள். அதில் இரண்டு வகை உண்டு: இந்தியாவில் ஏ-லா, அமெரிக்க சர்வீஸ் என்றால் ம்யூ-லா. நெட் கொஞ்சம் கூடச் செலவாகும், எல்லாம் சேர்த்தும் போவதற்கும் வருவதற்கும் தலா நொடிக்கு 90 கிலோபிட்டுக்குள்தான், இன்றைய ஃபைபருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் சீட்டு வழியைத் தனியாகச் சோதிக்காமல் இந்த இன்பேண்ட் வழிக்குப் போகாதீர்கள், எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

அதுவரை ஒரு கைவைத்தியம்: அறிவிப்பு பேசி முடிக்கும் வரை காத்திருந்து, பட்டனை அரை நொடி நிதானமாக அழுத்திப் பாருங்கள். சில சமயம் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ஒருமுறை அழுத்தினால் இரண்டாக விழுகிறது. வங்கியில் கணக்கு எண் அடித்தால் "தவறான எண்" என்கிறது, கடையில் ஒருவர் கேட்டுவிட்டு 4 இருக்கிற இடத்தில் 44 போகிறது என்றார். கீபோர்டு ரிப்பேரா? – வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கீபோர்டு நன்றாக இருக்கிறது. சீட்டும் போகிறது, சத்தமும் போகிறது, அதுதான் விஷயம். ஒரே தகவலை இரண்டு ஆள் மூலம் சொல்லி அனுப்பினால் அந்தப் பக்கம் இரண்டு தகவலாகக் கணக்கு எழுதிக்கொள்கிறது. செட்டிங்கில் இரண்டு முறைகள் கூட்டாக இருக்கிறதா பாருங்கள். "ஏ.வி.டி" கூட "இன்ஃபோ", "இன்பேண்ட்" கூட "இன்ஃபோ" என்கிற மாதிரி (இன்ஃபோ என்பது சீட்டு அனுப்புகிற இன்னொரு முறை) ஜோடியாக வைக்க இடம் கொடுக்கிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ இரண்டையும் போட்டிருப்பார்கள். ஒன்றே ஒன்றை வையுங்கள்.

ஒன்றுதான் இருக்கிறது, அப்போதும் இரட்டிக்கிறது என்றால் இன்னொரு காரணம் உண்டு. பீப் கேட்டவுடன் அது பட்டன்தான் என்று உறுதிப்படுத்த அடாப்டருக்குக் கண்ணிமைக்கும் நேரம் தேவை, அதற்குள் சத்தத்தின் ஒரு துண்டு நழுவிப் போய்விடும், பின்னாலேயே சீட்டும் போகும். நல்ல அடாப்டர்கள் அந்தத் துண்டை அமுக்கிவிடும். உங்களுடையது பழசு என்றால் தயாரிப்பாளரின் தளத்தில் புது ஃபர்ம்வேர், அதாவது டப்பாவுக்குள் ஓடுகிற மென்பொருள், இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் வைஃபை. அடாப்டரை வைஃபை ரிப்பீட்டர் வழியாக மாட்டியிருந்தால் ஒரு நாள் மட்டும் நேராக ரவுட்டரில் ஒயர் போட்டுச் சோதியுங்கள். இன்பேண்டில் வைத்திருக்கும்போது வழியில் ஒரு பாக்கெட், அதாவது சத்தத்தை நறுக்கி அனுப்புகிற துண்டுகளில் ஒன்று, தொலைந்தால் நீளமான ஒரு பீப் நடுவில் அறுந்து இரண்டு குட்டி பீப்பாகிவிடும், கேட்கிற கம்ப்யூட்டர் 44 என்று எழுதிக்கொள்ளும். சீட்டு முறையில் இந்தப் பயம் குறைவு, ஏனென்றால் பட்டனை விட்டாயிற்று என்கிற கடைசிச் சீட்டை மூன்று தடவை அனுப்புவார்கள், ஒன்று தொலைந்தாலும் மற்றது போய்ச் சேரும்.

கேள்வி: அடாப்டரில் மாட்டியதும் டயல் டோன் வருகிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அந்த டோன் நிற்காமல் ஊங் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்கும் போட முடியவில்லை, வருகிற கால் மட்டும் வருகிறது. – வாசகர், ஆம்பூர்

பதில்: இதுதான் முதல் காது கேட்காத கேஸ். பட்டனை அழுத்தியும் டயல் டோன் நிற்கவில்லை என்றால் அடாப்டருக்கு எதுவுமே விழவில்லை. சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டுப் பயன் இல்லை, கோளாறு உங்கள் போனிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது.

போன மாதம் சாயிநாதபுரத்தில் ஒரு வீட்டுக்கு இதற்காகவே போயிருந்தேன். பட்டன் போன்தான், ஓரத்தில் பூவேலை செய்த துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். "நைனாவுக்கு இந்தப் போன்தான் வேணும்றார், புதுசு வாங்கித் தந்தா தொட மாட்டேன்றார்" என்றார் மகள். ரிசீவரை எடுத்து 5-ஐ அழுத்தினேன். பீப் வரவில்லை. டக் டக் டக் டக் டக் என்று ஐந்து தட்டு. போனைத் திருப்பிப் பார்த்தால் அடியில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அரிசி அளவு ஒரு சுவிட்ச், அழுக்கு ஏறிப்போய் 'பி' பக்கம் நின்றிருந்தது. பால்பாயிண்ட் பேனா முனையால் 'டி' பக்கம் தள்ளினேன். அடுத்த அழுத்தலில் பீப் வந்தது, டயல் டோன் சட்டென்று நின்றது. பெரியவர் போனை வாங்கி, கண்ணாடி போடாமலேயே, திருவலத்தில் இருக்கிற தங்கச்சி நம்பரை மனப்பாடமாக அடித்தார். அந்தப் பக்கம் "ஹலோ" கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே, எனக்கு அதற்கு மேல் கூலி வேண்டியிருக்கவில்லை.

'டி' என்றால் டோன், 'பி' என்றால் பல்ஸ். டோனைப் புரிந்துகொள்ளாத பழைய எக்ஸ்சேஞ்சுகள் நம் ஊர்களில் வெகுகாலம் இருந்தன, அதற்காகத்தான் போனில் இரண்டு வசதியும் வைத்தார்கள். பல்ஸ் என்பது லைனைப் பட்டன் எண்ணுக்கு ஏற்றபடி அறுத்து அறுத்து இணைப்பது. அடாப்டர்களில் பலவற்றுக்கு அந்தத் தட்டு புரியாது. விரல் விட்டுச் சுற்றுகிற பழைய டயல் போனை மாட்ட ஆசைப்படுபவர்கள், பல்ஸ் டயலிங் உண்டு என்று எழுதியிருக்கும் அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.

சுவிட்ச் 'டி'யில்தான் இருக்கிறது, பீப்பே வரவில்லை என்றால் ஒயரின் இரண்டு கம்பிகளையும் மாற்றி இணைத்துப் பாருங்கள், ரொம்பப் பழைய சில டோன் போன்கள் கம்பி தலைகீழாக இருந்தால் பீப் தராது. பீப் வருகிறது, ஆனால் மெலிந்து கேட்கிறது என்றால் அதே லைனில் இணையாக எத்தனை போன் மாட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று, கடையில் ஒன்று என்று இழுத்திருந்தால் மற்றதைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும், அடாப்டரோடு வந்த குட்டி ஒயரில் மாட்டிச் சோதியுங்கள்.

கேள்வி: நம்பர் போட்டு முடித்த பிறகு பத்து நொடி சத்தமே இல்லை. அப்புறம்தான் ரிங் போகிறது. பட்டன் பிரச்சினையா? – வாசகர், குடியாத்தம்

பதில்: இல்லை. நீங்கள் இன்னும் எண் அடிப்பீர்களோ என்று அடாப்டர் காத்திருக்கிறது. லிங்க்சிஸ் வகையில் அந்தக் காத்திருப்பு வாங்கும்போதே 10 நொடிக்கு வைத்திருக்கும். நம்பர் முடிந்ததும் ஹேஷ் அழுத்தினால் பெரும்பாலான அடாப்டர்களில் உடனே போய்விடும். நிரந்தரமாகச் சரி செய்ய டயல் பிளான் என்கிற இடத்தில் நம் ஊர்க் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 0-வில் தொடங்கினால் மொத்தம் 11 இலக்கம் வந்ததும் அனுப்பிவிடலாம். வேலூர் 0416 போட்டு ஏழு இலக்கம், உங்கள் ஊர் 04171 போட்டு ஆறு இலக்கம், செல்போனுக்கு 0 போட்டுப் பத்து இலக்கம், எல்லாம் 11-தான். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு 0 சேர்ப்பது 2021 ஜனவரி 15 முதல் கட்டாயமும் கூட. ஒன்று மட்டும், 108, 112 மாதிரி மூன்று இலக்க எண்களையும் அதே பிளானில் சேர்க்கச் சொல்லுங்கள், மறந்துவிட்டால் அவசரத்தில் அந்தக் கால் போகாது. உங்கள் சர்வீஸ் அந்த எண்களை இணைத்துத் தருகிறதா என்றும் இன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் அடாப்டரும் ரவுட்டரும் சேர்ந்து படுத்துவிடும் என்பதால் வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் இரண்டையும் இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: அண்ணி பேசும்போது மட்டும் நடுநடுவே பீப் கேட்கிறது என்று எதிர்முனையில் சொல்கிறார்கள். நாங்கள் பேசினால் இல்லை. அண்ணி வருத்தப்பட்டு இப்போது போனையே தொடுவதில்லை. – வாசகி, ஆற்காடு

பதில்: முதலில் அண்ணியைப் பேசச் சொல்லுங்கள், அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. இது அடாப்டருக்குக் காது கூடிப்போன கோளாறு. சிலருடைய பேச்சில், அதுவும் குரல் கொஞ்சம் உச்சத்தில் இருப்பவர்களுக்கு, நான் மேலே சொன்ன அந்த இரண்டு சுரம் ஒரு கணம் ஒன்றாக அமைந்துவிடும். அடாப்டர் உடனே "ஆஹா, பட்டன்" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறது, அந்தப் பக்கம் பீப் ஆகிவிடுகிறது. டாக்-ஆஃப் என்பார்கள், டெலிபோன்காரர்களுக்கு இது ரொம்பப் பழைய தலைவலி.

போனிலிருந்து அடாப்டருக்குப் போகிற சத்தத்தைக் குறையுங்கள். லிங்க்சிஸில் "எஃப்.எக்ஸ்.எஸ் போர்ட் இன்புட் கெயின்" என்று இருக்கும், இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள். அண்ணி ரிசீவரை வாயோடு ஒட்டிப் பிடிக்காமல் ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்தாலும் குறையும். வேறு போனை மாட்டிப் பார்ப்பதும் நல்லது. எதற்கும் அடங்கவில்லை, பேச்சுதான் முக்கியம், 1-ஐ அழுத்து 2-ஐ அழுத்து என்கிற வேலை அதிகம் இல்லை என்றால் ஜி.711-உடன் இன்பேண்டுக்கு மாறிவிடுங்கள். அப்போது அடாப்டர் பேச்சுக்கு நடுவே சீட்டு எழுதாது.

கேள்வி: எங்களுக்குத் தனி அடாப்டர் இல்லை. ஃபைபர் கம்பெனி வைத்த பெட்டியிலேயே போன் ஓட்டை இருக்கிறது. காட்பாடி கேள்வியில் சொல்கிற அதே பிரச்சினைதான், ஆனால் செட்டிங் பக்கத்தில் போன் சம்பந்தமான இடம் பூட்டியிருக்கிறது. புகார் செய்தால் "பேச்சு கிளியரா இருக்கே சார்" என்று மூடிவிடுகிறார்கள். – வாசகர், ஆரணி

பதில்: உங்கள் பெட்டிக்குள்ளும் இருப்பது அதே அடாப்டர்தான், உள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பூட்டை உடைக்கப் போகாதீர்கள், செட்டிங் அழிந்தால் போன் முழுசாகப் போய்விடும், மறுபடி அவர்கள்தான் வர வேண்டும். புகாரைச் சொல்கிற விதத்தை மாற்றுங்கள். "பட்டன் வேலை செய்யவில்லை" என்று சொன்னால் போன் ரிப்பேர் என்று முடித்துவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "நம்பர் டயல் ஆகிறது, பேச்சு வருகிறது, கால் இணைந்த பிறகு டி.டி.எம்.எஃப் எடுபடவில்லை. என் லைனில் ஆர்.எஃப்.சி 2833 இருக்கிறதா, இன்பேண்ட் இருக்கிறதா என்று பாருங்கள், கோடெக்கை ஜி.711 ஏ-லாவுக்கு மாற்றுங்கள்." இந்த வாக்கியத்தைத் தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தே படிக்கலாம், தப்பில்லை.

அதற்கு முன்னால் வேறு ஒரு போனை, முடிந்தால் கார்ட்லெஸ் இல்லாமல் சாதாரண ஒயர் போனை, பெட்டியில் நேராக மாட்டி ஒரு சோதனை செய்துவிடுங்கள். வேறு வேறு இரண்டு மூன்று நம்பருக்குப் போட்டு எதில் எடுபடுகிறது, எதில் இல்லை, எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். எல்லா இடத்திலும் எடுபடவில்லை என்றால் கோளாறு உங்கள் லைன் பக்கம். ஒரே ஒரு நம்பரில் மட்டும் எடுபடவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டர் பக்கமோ நடுவழியிலோ இருக்கிறது, உங்கள் பெட்டியை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. வீட்டுக்கு ஆள் வந்தால் பேச்சைக் கேட்டுவிட்டுக் கிளம்ப விடாதீர்கள். அவர் கையாலேயே உங்கள் போனிலிருந்து கேஸ் புக்கிங் நம்பருக்குப் போட்டு 1-ஐ அழுத்தச் சொல்லுங்கள், அவர் காதால் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். அப்புறமும் தீரவில்லையென்றால் பெட்டியின் அடியில் இருக்கிற மாடல் எண்ணோடு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.